த்ரீ வேலீஸ்: 600 கிலோமீட்டர் பாஸ் தேவையா?

பிப்ரவரியில் பிள்ளைகளோடு பிரான்ஸின் த்ரீ வேலீஸ் பனிச்சறுக்குப் பகுதிக்குப் போகும் நண்பர் கேட்டிருந்தார்: முழுப் பகுதிக்கும் லிஃப்ட் பாஸ் எடுப்பதா, மெரிபெல் பள்ளத்தாக்குக்கு மட்டும் எடுத்தால் போதுமா? வருஷா வருஷம் அங்கேயே போகிற ஆள் என்பதால் என்னிடம் கேட்டார். பதில் கொஞ்சம் எரிச்சலோடுதான் வரும்.

கூர்ஷெவெல், மெரிபெல், பெல்வில் என மூன்று பள்ளத்தாக்குகள், 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, எல்லாம் லிஃப்டால் இணைந்தவை. விளம்பரம் பொய்யில்லை. ஆனால் கிளம்பும்போதே திரும்புகிற கணக்கைப் போட வேண்டும். கூர்ஷெவெலில் இருந்து கிளம்பி, பெல்வில் பக்கம் கோடியில் இருக்கும் வால் தோரன்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு கண் சூப்பில், ஒரு கண் கடிகாரத்தில். அங்கிருந்து கூர்ஷெவெல் திரும்ப இரண்டு முகடுகள் ஏறி இறங்கணும்: மோன் த லா ஷாம்ப்ர் முகடு வழியாக மெரிபெல் பள்ளத்தாக்கின் மொத்தாரே, அப்புறம் சோலிர் முகடு. மாலை நாலரை வாக்கில் இணைப்பு லிஃப்டுகள் நிற்கத் தொடங்கும். பலத்த காற்றடித்தால் முகட்டு லிஃப்டுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் ஊர்கள்தான். லிஃப்டைத் தவறவிட்டுச் சாலையில் போனாலோ அடிவாரத்து ஊரான மூத்தியே வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும், சுமார் 60 கிலோமீட்டர். டாக்சிக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் குளிரே மறந்துபோகும்.

தங்குவதற்கு நடுவில் இருக்கும் மெரிபெல்தான் சரி. எந்தப் பக்கம் போனாலும் திரும்ப ஒரே முகடு. செலவைக் குறைக்க 600 மீட்டர் உயரத்தில் உள்ள பிரீத்-லே-பாங்கில் அறை எடுப்பார்கள். 1992 ஒலிம்பிக்ஸுக்காக அமைத்த கோண்டோலா (கம்பியில் போகும் மூடிய பெட்டி) அங்கிருந்து மெரிபெலுக்கு ஏறுகிறது. இறங்கவும் அதையேதான் நம்ப வேண்டும்; அதற்கும் கடைசி நேரம் உண்டு.

பிள்ளைகள் காலையில் ஸ்கீ வகுப்பில் இருப்பார்கள். மதியம் கூட்டிக்கொண்டு எந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டுவது? போதாததற்கு பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை மண்டலம் மண்டலமாக வருவதால் வரிசையும் நீளம். மெரிபெல் பாஸ் எடுத்து, வானம் தெளிவாக இருக்கும் ஒருநாள் மட்டும் கூடுதல் கட்டணம் கட்டி மற்ற பள்ளத்தாக்குகளுக்குப் போய்வரலாம். நண்பருக்கு அப்படித்தான் எழுதினேன்.

எனக்கு எடுத்திருப்பது முழுப் பாஸ். காலையில் முதல் கோண்டோலாவில் சோலிர் உச்சிக்குப் போனால், 2738 மீட்டரில், இரண்டு பக்கமும் கால்படாத பனி. எந்தப் பக்கம் இறங்குவது என்று அங்கே நின்று முடிவு செய்கிற சுகத்துக்குத்தான் அந்தக் காசு. கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது.