மட்டக்களப்பில் "குடி மறக்க வைக்கிற வீடு" தேடுகிறவர்கள் காசு கொடுக்க முதல் இதைப் படியுங்கள்

மூன்று மாதக் காசை ஒரேயடியாக வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிற ஒரு இடத்தில் ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்து நன்றாக ஏமாந்திருக்கிறோம். பெயரைப் போடவில்லை. போட்டும் பிரயோசனமில்லை, இதற்குள் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள். செய்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பிக்குச் சாராயம்தான் பழக்கம், கையில் காசில்லாத நாளில் கசிப்பு. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் வைத்துத் தெளிய வைத்து அனுப்பினார்கள். ஒரு சதம் செலவில்லை. வீட்டுக்கு வந்தால் அதே ஒழுங்கை, சம்பள நாளில் வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கிற அதே கூட்டாளிமார். கொஞ்சக் காலம் வேறு எங்கேயாவது இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் பட்டது. கனடாவில் இருக்கிற மாமாவின் மகன், அங்கே இதற்கென்றே வீடுகள் இருக்கு என்று சொல்லிக் காசும் அனுப்பினான். பேஸ்புக்கில் இவர்களின் விளம்பரம் கண்ணில் பட்டது: "வெளிநாட்டு முறையில் தங்குமிடம், 100% உத்தரவாதம்."

வெளிநாட்டு முறை என்னவென்று மச்சானிடமே பிறகு விபரமாகக் கேட்டேன். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 1975இல் தொடங்கிய ஒக்ஸ்போர்ட் ஹவுஸ் என்கிற வீடுகள்தான் இதில் பேர் போனவை. குடியை விட்டவர்களே சேர்ந்து வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கு போட்டு, கூட்டம் கூடி வாக்குப் போட்டு நடத்துகிற வீடு. பகலில் வேலைக்குப் போகலாம், வீட்டுத் திறப்பு அவரவர் கையில். குடித்தால் வெளியேற வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. மருந்து, சிகிச்சை எல்லாம் வெளியில் டாக்டரிடம்.

இங்கே திறப்பு காவல்காரன் இடுப்பில். போன் முதல் நாளே பறிமுதல். கோல் எடுத்தால் நடத்துகிறவர்தான் கதைப்பார்: "தம்பி நல்லா இரிக்கான், இப்ப கதைச்சா மனம் மாறிரும், பயப்படாதீங்க அக்கா." அம்மாவுக்கு அந்தக் குரலே பெரிய ஆறுதல். எங்களை மாதிரிக் குடும்பங்கள் காசு கொடுப்பதும் அந்தப் பூட்டுக்குத்தான் என்பது அந்த நடத்துகிறவருக்கு நல்லாய் விளங்கும்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த பிறகுதான் விட்டார்கள். தம்பியின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பகலில் "வேலைப் பயிற்சி" என்று சொல்லி, உரிமையாளரின் பின்வளவில் எழும்புகிற கட்டடத்துக்குக் கல் சுமக்க விட்டிருக்கிறார்கள், கூலி இல்லை. இரவில் குளிசை. என்ன குளிசை என்று கேட்டால் "நித்திரைக்கு." மருந்துப் பட்டையில் பேர் அச்சடித்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார்கள். தம்பி ஒன்றை விழுங்காமல் லேஞ்சிக்குள் முடிந்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் காட்டினோம். பேரில்லாத குளிசையை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்றார் டாக்டர்.

என்னை இதை எழுத வைத்தது இன்னொரு விஷயம். அம்பாறைப் பக்கத்து ஆள் ஒருவரைக் குடித்த வெறியோடேயே கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்து இரத்தம். "நடிக்கிறான்" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினார்களாம், ஆஸ்பத்திரிக்கு ஏற்றவில்லை. தம்பிதான் விடியும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறான். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகும் நடுக்கம், இல்லாததைக் காண்பது, ஆள் தெரியாமல் பிதற்றுவது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் டயஸிபாம் மாதிரி மருந்தைக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைப்பதும் விற்றமின் பி1 ஏற்றுவதும் அதனால்தான். டாக்டரோ தாதியோ எட்டிப் பார்க்காத வீட்டில் ஆளை விட்டுக் குடியை நிறுத்துவது கொலைக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். கடுமையான சொல்தான்.

அனுமதிப்பத்திரம் கேட்டபோது நடத்துகிறவர் கண்ணாடி போட்ட பிரேம் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு! தேத்தண்ணிக் கடை போடுகிறவரும் எடுக்கிற பத்திரம் அது. அந்த வீட்டில் ஐஸ், ஹெரோயின் பழக்கமுள்ள பொடியன்களும் இருந்தார்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களைத் தனியார் சிகிச்சைக்கு வைத்திருப்பதென்றால் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கென்று தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கொடுப்பது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. அவர்களின் ஆலோசனை இலக்கம் 1927. இப்படி ஒரு இடத்துக்கு ஆளை அனுப்ப முதல் அந்த இலக்கத்துக்கு எடுத்து இடத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

"ஆளுக்குத் தெரியாமச் சோத்தில கலந்து குடுங்க" என்று மருந்து விற்கிறவர்களும் இவர்களோடுதான் திரிகிறார்கள். எங்களுக்கும் ஒரு சின்னப் போத்தலை நீட்டினார்கள், வாங்கவில்லை. குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்பிராம் என்கிற குளிசையை ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதற்கு மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். போத்தலுக்குள் அதுதான் இருந்ததா வேறேதுமா, யாருக்குத் தெரியும்.

தம்பியை அன்றைக்கே கூட்டி வந்துவிட்டோம். இப்போது கல்லடியில் சின்னம்மா வீட்டில் நிற்கிறான், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறான். காசைக் கேட்டால் "ஒப்பந்தத்த முறிச்சது நீங்கதானே அக்கா" என்கிறார். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுகூட எங்களுக்குத் தரவில்லை. கொப்பித் தாளில் எழுதிய பற்றுச்சீட்டு மட்டும், அதில் முத்திரையும் இல்லை. பொலிஸில் முறைப்பாட்டை எழுதிவிட்டு மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. தொடர்ந்து வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தருகிற சான்றிதழோடு நீதிமன்றம் போவதாக இருக்கிறோம். இதே மாதிரிக் கொப்பித் தாள் பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால் எறியாமல் வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். சேர்ந்து போனால் வழக்குக்குப் பலம். அந்த அம்பாறை ஆளின் வீட்டாரை யாருக்காவது தெரிந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். நாங்கள் வெளிக்கிடும்போது அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.