எஸ்சிட்டலோப்ராம்: பல வருடம் எடுத்த பிறகு சொல்ல வேண்டியது

உடன் வேலை பார்க்கும் பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்று, கல்லூரியில் படிக்கும் அவள் தம்பிக்கு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. இன்னொன்று, அந்தச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிய அட்டை. "அக்கா, நீங்க சாப்பிடுற மாத்திரைதானே இது? தம்பிக்குத் தைரியமா கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாள். சீட்டில் எஸ்சிட்டலோப்ராம் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று என்று இருந்தது. அட்டையை பெரிதாக்கிப் பார்த்தால் எஸ்சிட்டலோப்ராமோடு, தூக்கம் தரும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரை. மருத்துவர் எழுதாத இரண்டாவது மருந்து ஒன்று அந்தப் பையன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏனென்றால் இதே கலப்பு மாத்திரையை என் கையிலும் பலமுறை திணித்திருக்கிறார்கள். மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டலோப்ராம் எடுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை எழுதியே விடுகிறேன்.

முதலில் மாத்திரையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் எடுப்பது 10 மில்லிகிராம். 5-ல் ஆரம்பித்து, கொஞ்ச நாள் கழித்து மருத்துவர் 10 ஆக்கினார். ஆரம்பத்தில் சுகமாக இருக்கவில்லை. வயிற்றைப் புரட்டியது, காரணமே இல்லாமல் கொட்டாவி வந்தது, பதற்றம் குறைவதற்குப் பதில் ஒரு சுற்று கூடியது. இது வரும், பயப்பட வேண்டாம், 2 வாரத்தில் அடங்கும், பலன் தெரிய 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும் என்று மருத்துவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நான் முதல் வாரத்திலேயே அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேன். மாத்திரை கேட்கவில்லை என்று பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள் என்பது என் எண்ணம். மருத்துவர்கள் சீட்டு எழுதும்போது இதையும் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

பலன் வந்தது தெரியாமல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கெட்டுக்குப் போய் நல்ல சங்கரா மீன் கிடைக்குமா என்று பார்க்கலாம் என எனக்கே தோன்றியது. யாரும் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பின பிறகுதான், இப்படி ஒரு ஆசை வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று உறைத்தது. சிரித்துக்கொண்டே திரிய வைக்கிற மாத்திரை இல்லை இது. அழ வேண்டிய இடத்தில் இன்றும் அழுகிறேன். காலையில் எழுந்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. கொட்டாவி போகவே இல்லை. தலையில் வியர்ப்பது கூடியது. தாம்பத்திய ஆசை குறைந்தது. பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள், ஆண்களும் அப்படித்தான். பின்விளைவுகளில் இது சகஜமானது. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றவோ வேறு மருந்துக்குப் போகவோ வழி இருக்கிறது. சொல்லாமல் நாமாக நிறுத்தினால்தான் சிக்கல்.

இத்தனையும் நான் தாங்கிக்கொண்டவை. தாங்க முடியாதது மெடிக்கல் கவுண்டர்.

இந்த மாத்திரை எந்தப் பெயரில் விற்கிறதோ, அநேகமாக அதே பெயரோடு ஒரு சொல்லோ ஓர் எழுத்தோ ஒட்டிக்கொண்டு அதன் கலப்பு வடிவமும் விற்கும். எஸ்சிட்டலோப்ராம் 10, குளோனாசெபாம் 0.5 என்று இரண்டும் ஒரே மாத்திரைக்குள். அட்டையின் நிறம் ஏறக்குறைய ஒன்று, எழுத்தின் பாணி ஒன்று. பின்பக்க வெள்ளித்தாளில் கொட்டை எழுத்தில் வியாபாரப் பெயர். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய அளவில், உள்ளே என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்ற வரி. வித்தியாசம் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. அரை அட்டை கேட்டால் கத்திரிக்கோலால் வெட்டித் தருகிற துண்டில் சில சமயம் அந்த வரியும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதனால் நான் எப்போதும் முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன்.

ஒருமுறை என் கணவர் வாங்கி வந்த அட்டை கலப்பு மாத்திரை. நல்ல நம்பிக்கையோடு கேட்டு வாங்கியிருக்கிறார், கடையில் "அதேதான் சார்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சில நாட்கள் காலையில் ஸ்கூட்டியில் போகும்போது கண் செருகியது. சிக்னலில் பச்சை விழுந்தும் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கை அசைந்தது. அலுவலகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மருந்து கேட்காமல் போய்விட்டதோ, நோய் திரும்புகிறதோ என்று பயந்துபோனேன். அட்டையைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. உடனே மருத்துவருக்குப் போன் செய்தேன். சில நாள்தான் எடுத்திருக்கிறீர்கள், பழைய மாத்திரைக்கே மாறிவிடலாம் என்றார். மாதக்கணக்கில் எடுத்திருந்தால் அப்படிச் சட்டென்று மாற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கடைக்குப் போய்க் கேட்டபோது வந்த பதில்: "ரெண்டும் ஒரே மாத்திரைதான் மேடம். இதுல தூக்கத்துக்கும் சேர்த்து இருக்கு, இன்னும் நல்லாக் கேக்கும்."

இல்லை. ஒரே மாத்திரை இல்லை. குளோனாசெபாம் பென்சோடையசெபைன் என்ற வகையைச் சேர்ந்தது. பதற்றத்தை உடனே தணிக்கும், தூக்கம் தரும். ஆரம்ப வாரங்களில் பதற்றம் கூடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் யோசித்தே கொஞ்ச நாளைக்கு எழுதுவதுண்டு. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தாலே உடம்பு அதற்குப் பழக ஆரம்பித்துவிடும். பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், நடுக்கம் வரும், வலிப்பு வரைகூடப் போகலாம். வயதானவர்களுக்குத் தடுமாறி விழும் ஆபத்து. மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். எஸ்சிட்டலோப்ராம் மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய மருந்து. மனம் சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். குளோனாசெபாம் கூடிய சீக்கிரம் குறைத்து விட வேண்டிய மருந்து. இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்துவிட்டால் ஒன்றைக் குறைத்து மற்றதைத் தொடர்வது எப்படி? நெடுநாள் எடுக்க வேண்டியதோடு நெடுநாள் எடுக்கக் கூடாததும் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். தன் உடம்பு இன்னொரு மருந்துக்குப் பழகிக்கொண்டிருப்பது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது.

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி 10 மணி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற பிள்ளைகள். சீட்டில் இருப்பது எழுத்தா கிறுக்கலா என்று தெரியாத நிலையில்தான் பல சமயம் மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்தின் மூலப் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியது. அப்படி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? தனி எஸ்சிட்டலோப்ராம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, அதனால் அதற்கு விலை உச்சவரம்பு உண்டு. கலப்பு மாத்திரை அந்தப் பட்டியலில் இல்லை. எது கடை அலமாரியில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். சீட்டில் இல்லாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் அந்தக் கோட்டை எதற்காகப் பார்க்கிறார்கள்?

இதைவிட மோசமான நாளும் வந்தது. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பு வழக்கமான கடையில் சரக்கு இல்லை, நாளைக்கு வரும் என்றார்கள். ஊரில் இருந்த கடையில் கலப்பு மட்டும்தான் இருந்தது. எஸ்சிட்டலோப்ராம் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நினைவு வந்ததும் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம், மறுநாள் ஆகிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய மாத்திரையை மட்டும் போட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஆனால் நாட்கள் தள்ளிப்போனால் தெரியும். கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்று ஓடும். எரிச்சல், தலைசுற்றல், விடிய விடியக் கனவு. அடிமையாகிவிட்டோம் என்று இதை நினைக்கக் கூடாது, மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி இதில் கிடையாது. மருந்து திடீரென நின்றதை மூளை உணர்கிறது, அவ்வளவே. நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். கடைசியில் என் கணவர் பைக்கில் டவுனுக்குப் போய் மக்கள் மருந்தகத்தில் வாங்கி வந்தார். அங்கே மூலப் பெயரே அட்டையில் பெரிதாக இருந்தது, விலையும் குறைவு. அதன் பிறகு 10 நாள் மாத்திரை கையிருப்பில் இல்லாமல் நான் ஊருக்குக் கிளம்புவதில்லை.

கவுண்டரில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இருமலுக்குக் கேட்டால் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள சிரப் தருவார்கள். இடுப்பு வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை வரலாம். இரண்டுமே எஸ்சிட்டலோப்ராமோடு சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறிப் போய்க் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு என்று ஆபத்தாகலாம். புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சேர்த்து எடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், நான் என்ன மாத்திரை எடுக்கிறேன் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். மனநோய் மாத்திரை என்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

தோழியின் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீட்டில் எழுதியதை வாங்கு, கடையில் வாதாடினாலும் விடாதே என்றேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்துவிட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் இருக்கிற பையன். நண்பர்களோடு ஒரு நாள் குடித்தால் அந்தக் குளோனாசெபாம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். 25 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களில் சிலருக்கு, ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-ல் சிறுவர்களுக்காக இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டிப் போட வைத்து, 2007-ல் 24 வயது வரை நீட்டித்தது. மருந்தைக் கொடுக்காமல் இருப்பதற்கு இது காரணம் இல்லை. நோயை அப்படியே விட்டுவிடுவதிலும் அதே ஆபத்து இருக்கிறது. பையனைத் தனியாக விடாமல், தினமும் கூப்பிட்டுப் பேசி, தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருக்கிறானா, பேச்சு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது சந்தேகம் என்றால் அன்றைக்கே மருத்துவர். நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் (பைபோலார், மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுக்கு மீறித் துள்ளியும் போவது) இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை தனியாகப் போனால் மனம் மறுபக்கம் கட்டுக்கடங்காமல் எகிறிவிடலாம்.

சரி, மொத்தத்தில் எப்படி? மாத்திரையை மட்டும் கேட்டால் என் வாழ்க்கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது, எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடு என்பேன். ஆனால் எஸ்சிட்டலோப்ராம் எடுத்துக்கொள்ளும் அனுபவம் எப்படி என்று இன்றைக்குக் கேட்டால், மோசம் என்றுதான் சொல்வேன், 5-க்கு 2. மனசே சரியில்லாமல், எழுந்து நடக்கவே தெம்பில்லாமல் கடைக்கு வந்து நிற்கிற ஒருவர், தன் உயிருக்கான காவலையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் தப்பிக்கிறார்கள். தெரியாதவர்கள் எத்தனை பேர் எழுதாத மருந்தை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

போன மாதம் என் மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழே "எஸ்சிட்டலோப்ராம் மட்டும், குளோனாசெபாம் வேண்டாம்" என்று கேப்பிட்டல் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.