உள்ளே அசல் மில்ஸ், வெளியே புது வார்ப்பு: பழைய ஸ்லாட் மெஷின் வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்க இணைய ஏலம் ஒன்றில் ‘1931 மில்ஸ் வார் ஈகிள், புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்ற ஸ்லாட் மெஷினை, அதாவது காசு போட்டுக் கைப்பிடியை இழுத்து ஆடும் பழைய சூதாட்ட மெஷினை, பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. விற்றவர் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். மெக்கானிசம் சந்தேகமில்லாமல் சிகாகோ மில்ஸ் நாவல்டி கம்பெனியுடையது. அதை மூடியிருந்த பெட்டியில்தான் 1931-ஐச் சேர்ந்த துண்டு ஒன்றுகூட இல்லை.

அந்தக் கால மில்ஸ் மெக்கானிசத்தைப் பின்கதவு வழியாக முழுசாக வெளியே இழுத்துவிடலாம். வார் ஈகிள் (கழுகு), லயன் ஹெட் (சிங்கத் தலை), காசில் ஃப்ரண்ட் (கோட்டை) என்று முகப்புதான் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆகவே உடைந்த பெட்டியிலிருந்து எடுத்த மெக்கானிசத்தைக் கிராக்கியுள்ள கழுகு முகப்புக்குள் செருகிவிடுகிறார்கள். ஏலப் படங்களில் மெக்கானிசத்தின் அழகைப் பத்துக் கோணத்தில் காட்டிவிட்டு, முகப்பின் உட்புறத்தை ஒரு படத்தில்கூடக் காட்டவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

முதலில் அளவு. அசல் முகப்பையே அச்சாக வைத்து மணலில் அலுமினியம் வார்த்தால், உலோகம் ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 13 மி.மீ. சுருங்கும். 400 மி.மீ. அகல முகப்பில் அது 5 மி.மீ. குறைவு. அசல் என்று உறுதியான ஒன்றின் அளவை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வெர்னியர்கூட வேண்டாம், நல்ல ஸ்டீல் ஸ்கேல் போதும். சுருங்கிய முகப்பில் ரீல்களும் (சுழலும் படச் சக்கரங்கள்) அவற்றைக் காட்டும் ஜன்னலும் நேராக நிற்காது. அதைச் சரிக்கட்ட ஸ்க்ரூ துளைகளை அரத்தால் ராவி நீள்வட்டமாக்கியிருப்பார்கள். இந்த மெஷினில் இரண்டுமே இருந்தன. ஆனால் அளவு சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துப் பெரிதாக அச்சு செய்தவர்களும் உண்டு.

அடுத்து முகப்பிலுள்ள கழுகின் இறகுக் கோடுகள். நகலில் அவை மழுங்கி, ஒன்றோடொன்று குழைந்து கிடக்கும். உட்புறத்தில் புதிய கிரைண்டர் கீறல்கள் பளிச்சென்று தெரிந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகள் புழங்கிய அலுமினியத்தில் எண்ணெயும் காசு அழுக்கும் சேர்ந்த கறுப்பு, மூலைகளில் இறுகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அது பூசிய பழமை. தேய்மானமும் கை படும் இடத்தில்தான் வரவேண்டும்: காசு போடும் வாய், காசு விழும் கிண்ணம், கைப்பிடிப் பக்கம்.

மரத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். பழைய ஓக் பலகையின் உட்பக்கம் கறுத்து, அடிப்பலகை எண்ணெய் ஊறியிருக்கும். ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கிய துளைகள் அடியில் இருப்பது வழக்கம். இங்கே உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே சாயம். அடியில் துளையே இல்லை. முகப்பைப் பிடித்திருந்தவை தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்டார் (பிலிப்ஸ்) ஸ்க்ரூக்கள். அவை 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தன. ஒன்றிரண்டு பழுதுபார்த்தபோது மாற்றியவையாக இருக்கலாம், முழுப் பெட்டியும் அப்படி இருக்காது. பூட்டு மாறியிருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சாவி தொலையாத பழைய மெஷின் அபூர்வம்.

பரிசுப் பட்டியல் அட்டையின்மீது கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம். அட்டை புதிது என்பது மட்டும் குற்றமில்லை, அதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் குற்றம். மறுவண்ணமும் அப்படித்தான்.

நகலுக்கு ஆளாவது வார் ஈகிள் மட்டுமல்ல. வாட்லிங் கம்பெனியின் 1935 ரோல்-அ-டாப் முகப்புக்கும் நகல் வார்ப்புகள் உண்டு. அதற்கும் முந்தைய வார்ப்பிரும்புப் பெட்டி என்று சொன்னால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது இரும்பே இல்லை, பெரும்பாலும் கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியம்.

புகார் சொன்னதும் விற்றவர் தந்த பதில்: “மில்ஸ் மெஷின் என்றேன், மில்ஸ்தானே இருக்கிறது?” விளம்பரத்தில் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் பணம் திரும்பவில்லை. எனவே ‘முகப்பு வார்ப்பு, மரப்பெட்டி, மெக்கானிசம் ஒவ்வொன்றும் அசலா, மாற்றா’ என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மெக்கானிசத்தை வெளியே எடுத்துவிட்டு, முகப்பின் உட்புறத்தை ஸ்கேல் வைத்து எடுத்த படமும் அனுப்பச் சொல்லுங்கள். ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தால் நகல் பெட்டிக்குரிய விலைக்கு மேல் ஏலம் கேட்காதீர்கள்.