ரிட்டர்ன் டிக்கெட் தேதியைச் சொல்லாமல் ஊர் வீட்டை விற்பது

வீடு பார்க்க வருகிறவர் ஹாலைப் பார்ப்பார், மாடி ஏறுவார், கிணற்றை எட்டிப் பார்ப்பார். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்பார்: "சார், எப்பக் கெளம்புறீங்க?" நலம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். விலைப் பேச்சு தொடங்குவதே அங்கேதான். இருபத்தெட்டாம் தேதி விமானம் என்று தெரிந்துவிட்டால், இருபத்தைந்து வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். இருபத்தாறாம் தேதி காலையில் புரோக்கர் போன் செய்வார்: "பார்ட்டி ரெடி சார், மூணு லட்சம் மட்டும் கொறச்சுக்கச் சொல்றாரு."

ஊர் வீட்டை விற்றுவிட்டு அம்மா அப்பாவைத் திருச்சியிலோ கோவையிலோ ஒரு அப்பார்ட்மென்டுக்குக் குடிமாற்ற, நான்கு வார லீவில் வருகிறவர்களுக்கானது இது. விதிகள், விகிதங்கள், படிவ எண்கள் எல்லாம் 2025 ஆவணி நிலவரம்.

முதல் சிக்கல் காலண்டரில் இருக்கிறது. வெளிநாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் ஆடி வந்துவிடும். கிறிஸ்துமஸ் லீவில் மார்கழி. இரண்டிலும் பெரும்பாலோர் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், பதியவும் வரமாட்டார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் விலக்கு. ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100-க்குப் பதில் 150, இருவர் உள்ள இடத்துக்கு 200-க்குப் பதில் 300 முன்பதிவு வில்லைகள் (டோக்கன்கள்) என்று பதிவுத்துறை அறிவிப்பது இதனால்தான். அப்படியும் ராகுகாலம், எமகண்டம் கழித்து வாங்குபவருக்குப் பிடித்த நேரம் கிடைப்பது பாடுதான். ஆடி வீண் என்று உட்கார்ந்துவிடாமல், அந்த நான்கு வாரத்தைக் காகித வேலைக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

காகிதத்தில் பாதியை விமானம் ஏறும் முன்பே பார்த்துவிடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை (சொத்தின் மேல் பதிந்த ஆவணங்களின் பட்டியல்) காசில்லாமல் பார்க்கலாம், 1975-லிருந்து இருக்கிறது. அதில் தேடவேண்டியது முக்கியமாக ஒன்று: எப்போதோ கட்டி முடித்த வீட்டுக் கடனுக்காகப் பதிந்த எம்ஓடி (அசல் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்த ஆவணம்) இன்னும் அப்படியே நிற்கிறதா என்பது. கடன் முடிந்ததற்கு வங்கி தந்த கடிதம் கையில் இருந்தாலும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரி பதிந்தால்தான் அது நீங்கும். எல்லா வங்கிக் கிளையிலும் கிடைக்கும் பதில், "அடுத்த வாரம் வாங்க." லீவில் இரண்டு வாரம் அதிலேயே போய்விடும்.

வீடு அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேண்டும், பட்டாவும் மாறவேண்டும். கல்யாணமாகிப் போன அக்கா, தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்குபவரின் வக்கீல் ஒப்புதல் தரமாட்டார். "அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்பது வீட்டுக்குள் செல்லும், லீகலில் செல்லாது. பங்கு வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் கிரைய நாளன்று கூட்டம் குறையும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மூலப் பத்திரத்தின் அசல் லாக்கரில் இருக்கிறதா என்று யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

பெயர்க் குழப்பம் தமிழர்களுக்கே உரியது. பத்திரத்தில் 'மு. செந்தில்', ஆதாரில் 'செந்தில் மு', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'செந்தில் முத்தையா'. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயாராக வைத்திருந்தால், பதிவறையில் பத்திர எழுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது.

இனி ஆட்கள். மிகத் தொல்லை தருகிறவர் அடாவடியாகப் பேசுகிறவர் அல்ல. பேசிய விலைக்கு உடனே சரி என்கிறவர். ஒரு லட்சம் அட்வான்ஸ், பதினோரு மாதக் கெடு, அக்ரிமென்டைப் பதிவும் செய்துவிடலாம் என்பார். அவர் வாங்கப்போவதில்லை, பதினோரு மாதத்துக்குள் வேறு ஆளைப் பிடித்து லாபத்துக்குக் கைமாற்றப் போகிறார். ஆள் கிடைக்காவிட்டாலும் அக்ரிமென்ட் உங்கள் வில்லங்கத்தில் ஏறி நிற்கும். அதை நீக்க ரத்து ஆவணத்தில் அவரும் கையெழுத்துப் போடவேண்டும், அதற்கு ஒரு விலை சொல்வார். நீங்கள் துபாயிலோ டொரண்டோவிலோ இருப்பீர்கள்.

தமிழ்நாட்டில் 2012 முதல் கிரைய உடன்படிக்கையைப் பதிவதே சட்டம். சுவாதீனம் தராத (வீட்டைக் கையில் ஒப்படைக்காத) அக்ரிமென்டுக்கு அட்வான்ஸ் தொகையில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம். ஆகவே பதிவைத் தவிர்ப்பதில் பயனில்லை, கெடுவையும் அட்வான்ஸையும் இறுக்குங்கள். 60 அல்லது 90 நாள், அட்வான்ஸ் குறைந்தது 10 சதவீதம், கெடு தவறினால் என்ன ஆகும் என்பது தெளிவாக. "தன் பெயருக்கோ, தான் சொல்லும் நபர் பெயருக்கோ" என்ற வரியைப் பத்திர எழுத்தர் வழக்கம்போலச் சேர்ப்பார். கைமாற்றும் உரிமை தர விருப்பமில்லை என்றால் பின்பாதியை அடிக்கச் சொல்லுங்கள். இதே ஆள் அக்ரிமென்டுக்குப் பதிலாகத் தன் பெயரில் பொதுப் பவர் (உங்கள் சார்பில் எல்லாம் செய்ய அதிகாரம் தரும் பத்திரம்) கேட்டால், பேச்சு அத்தோடு முடியட்டும்.

அடுத்தவர், "வெள்ளை எவ்ளோ, கறுப்பு எவ்ளோ?" என்று கேட்கிறவர். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் ரொக்கம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் அவருக்கு மிச்சமாகிறது. உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. கணக்கில் வராத அந்தப் பணம் என்ஆர்ஓ கணக்குக்கும் (என்ஆர்ஐகள் இந்தியாவில் வரும் பணத்தைப் போடும் வங்கிக் கணக்கு) போகாது, வெளிநாட்டுக்கும் வராது. ஒரு வரியில் மறுக்கலாம்: "பணத்தை நான் வெளியே கொண்டுபோகணும், ரொக்கம் எனக்குச் செல்லாது." இதைச் சொன்னால் வீம்பு பிடிப்பவர்கள் குறைவு.

வரிப் பிடித்தத்தில்தான் நல்ல பார்ட்டியும் கெட்டுப்போவார். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து 26கியூபி படிவத்தில் கட்டினால் போதும். வாங்குபவருக்கும் புரோக்கருக்கும், பல நேரம் பத்திர எழுத்தருக்கும் தெரிந்தது அதுதான். விற்பவர் என்ஆர்ஐ என்றால் 2025-இல் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு. 50 லட்ச வரம்பு இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ். இந்தியப் பாஸ்போர்ட் இருப்பதால் தப்ப முடியாது, வரிச் சட்டப்படி எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதே கணக்கு.

80 லட்சத்துக்கு விற்கும் வீட்டில் முழுத் தொகைக்கும் பிடித்தால் 14.3 சதவீதம், அதாவது 11.44 லட்சம் போகும். வீடு 35 லட்சத்துக்கு வாங்கியதென்றால் லாபம் 45 லட்சம், உண்மையான வரி, சர்சார்ஜ் இல்லாமல் 13 சதவீதக் கணக்கில், 5.85 லட்சம்தான். மீதி ஐந்தரை லட்சத்துக்கு மேல் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும். இதைத் தடுக்கப் படிவம் 13-இல் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தச் சான்று வாங்கலாம். அதற்கு வாங்குபவரின் டான் எண்ணும் (வரி பிடிப்பவர் எடுக்கவேண்டிய எண்) அக்ரிமென்டும் வேண்டும். அதிகாரி சான்று தர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே நான்கு வாரத்தில் அக்ரிமென்ட், சான்று, கிரையம் மூன்றும் முடியும் என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நடக்கக்கூடிய வரிசை இது. முதல் வாரம் அக்ரிமென்ட், உடனே படிவம் 13. கிளம்பும் முன் அண்ணனுக்கோ தங்கைக்கோ இந்த ஒரு வீட்டை விற்க மட்டும் அதிகாரம் தரும் தனிப் பவரை இங்கேயே பதிந்துவிடுவது. கிரையம் ஓரிரு மாதம் கழித்து. பவரில் பணத்தை உங்கள் என்ஆர்ஓ கணக்கில் மட்டும் பெறலாம் என்று எழுதினால், அண்ணன் தம்பிக்குள் பின்னால் மனக்கசப்பு வராது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று, கிரையத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். பலர் இதை மறந்து, வில்லை எடுத்த நாளில் திரும்பிப் போகிறார்கள். வெளிநாட்டில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் என்றால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும்.

டான் எடுக்கணும், 27கியூ (என்ஆர்ஐயிடம் பிடித்த வரிக்கான கணக்குப் படிவம்) தாக்கல் செய்யணும் என்றதும் வாங்குபவர் மிரள்வார். "என்ஆர்ஐ சொத்துன்னா தலைவலி சார்" என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார். அந்த ஆடிட்டர் செலவை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலைக்கு லட்சத்தில் விலை குறைப்பது அநியாயம். உங்கள் பான் செயலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆதாருடன் இணைக்காததாலும், வரித்துறைத் தளத்தில் குடியிருப்பு நிலையை மாற்றாததாலும் பல என்ஆர்ஐகளின் பான் செயலிழந்து கிடக்கிறது. அப்படியே விற்றால் பிடித்த விகிதம் இன்னும் ஏறும்.

கிரைய நாள். பத்திரத்தில் "கிரையத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி ஏற்கெனவே அச்சாகியிருக்கும். "பேங்க்ல லிமிட் ஆயிருச்சு, மிச்சத்த சாயங்காலம் போட்டுர்றேன்" என்பது அந்த அறைக்கு வெளியே அடிக்கடி கேட்கும் வசனம். நெட்பேங்கிங் வரம்பு உண்மையாகவே இருக்கும், அதனால் முந்தின நாளே கிளைக்குப் போய் ஆர்டிஜிஎஸ் எழுதித்தர வேண்டியது அவர் வேலை. டிடி என்றால் எண்ணைப் பத்திரத்தில் ஏற்றி, கொடுத்த கிளைக்குப் போன் செய்து உறுதி செய்தபின்தான் விரலை வைக்கவேண்டும். வயதான அம்மாவின் ரேகை கருவியில் விழாமல் போவது சகஜம். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, வேறு விரலில் முயல்வார்கள். அந்தப் பதற்றத்தில் பண விஷயத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

சாமான் சண்டை சில்லறைதான், ஆனால் கசப்பு அதில்தான் அதிகம். ஃபேன், ஏசி, இன்வர்ட்டர், கிணற்று மோட்டார், பூஜை அறைக் கதவு, மின்வாரிய டெபாசிட் எது யாருக்கு என்று அக்ரிமென்டின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் எழுத வேண்டாம், அப்பார்ட்மென்ட் மூன்றாம் மாடிக்கு அவற்றை யாரும் தூக்க மாட்டார்கள்.

அப்பார்ட்மென்ட் வாங்கும் பக்கத்தில் நீங்கள்தான் வாங்குபவர். மேலே சொன்ன சந்தேகமெல்லாம் இப்போது உங்களுக்கு வரவேண்டும். பத்திரத்தில் உள்ள யுடிஎஸ் (மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) சதுர அடியை மற்ற வீடுகளின் யுடிஎஸ்ஸோடு கூட்டி மொத்த மனையோடு ஒத்துப் பாருங்கள். கூடுதலாக வந்தால் யாரோ ஏமாந்திருக்கிறார்கள். பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கத்தின் கடிதம் இல்லாமல் சாவி வாங்காதீர்கள், முந்தையவரின் பாக்கி உங்கள் அம்மாவிடம்தான் கேட்கப்படும்.

விற்ற பணத்தை வெளியே அனுப்ப நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு உண்டு. வங்கி 15சிஏ (பணம் அனுப்புபவரின் வரி உறுதிமொழி), 15சிபி (ஆடிட்டர் தரும் சான்று) படிவங்களைக் கேட்கும். ஆடிட்டர் 15சிபி தர, வரி கட்டியதற்கு ஆதாரம் கேட்பார். பிடித்த வரியை வாங்குபவர் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டிவிடுவார். 27கியூ தாக்கல் செய்ய மறந்துவிடுவார். அது இல்லாமல் உங்கள் 26ஏஎஸ்ஸில் (உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் பட்டியல்) ஒன்றும் தெரியாது, ரீஃபண்டும் கேட்க முடியாது. வீடு கைக்கு வந்தபின் அவர் உங்கள் போனை எடுக்க வேண்டிய அவசியமில்லை. புரோக்கர் போனை எடுப்பார். கமிஷனில் பாதி கிரையத்தன்று, மீதிப் பாதி 16ஏ (வரி பிடித்ததற்கு வாங்குபவர் தரும் சான்று) கையில் வந்ததும் என்று முதலிலேயே பேசிவிட்டால், அந்தக் காகிதத்துக்காக வாங்குபவர் வீட்டு வாசலில் போய் நிற்பது அவர் வேலையாகிவிடும்.