ஹீட் பம்ப் வாங்கினால் குழாய்க்கும் காசு ஒதுக்குங்கள்: வெள்ளவத்தை வீட்டு அனுபவம்

கொழும்பில் சுடுதண்ணீருக்கு ஹீட் பம்ப் (காற்றிலுள்ள வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்) வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் கரண்ட் பில்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பைப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் 2023இல் 200 லீற்றர் ஹீட் பம்ப் ஒன்று பூட்டினோம். மெஷின் இன்றுவரை பெரிய தலையிடி தரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஓடுகிற குழாய்கள்தான் ஆளைப் படுத்தின. மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாய் வேலைக்கே போனது. அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாரும் எழுதித் தரவில்லை.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள பழைய மாடி வீடு எங்களுடையது. கீழே அம்மாவும் நாங்களும், மேலே தங்கச்சி குடும்பம். முன்பு குளியலறைக்கு ஒன்றாக 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருந்தது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது நாங்கள் மாதம் 180 யூனிற்றைத் தாண்டும் கூட்டத்தில் இருந்தோம். ஆகக் கூடிய விலைக்குரிய கூட்டம் அது. அதுதான் ஹீட் பம்ப் பக்கம் பார்க்க வைத்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 55 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 6.3 யூனிற் வெப்பம் வேண்டும். சாதாரண கீசர் அத்தனை யூனிற்றையும் கரண்டாகவே எடுக்கும். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் இறக்குகிறது. கரண்ட் செலவாவது கொம்பிரசரையும் விசிறியையும் ஓட்டத்தான். கொழும்பின் காற்று வருடம் முழுக்கச் சூடாக இருப்பதால் அதே வேலை இங்கே 2 யூனிற்றுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த இலாபம் ஆட்கள் நிறைந்த வீட்டுக்குத்தான். ஹீட் பம்போடு வரும் சிலிண்டரில் சூடாக்கி வைத்த தண்ணீர் சும்மா இருந்தாலும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் மட்டும் இருந்து, காலையில் ஒரு தரம் குளிக்கிற வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இன்ஸ்டன்ட் ஹீட்டரே போதும்.

சரி, குழாய்க்கு வருவோம். இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்த வீட்டில் சுடுதண்ணீர்க் குழாய் என்று ஒன்றே கிடையாது. பச்சைத்தண்ணீர் சுவர் வரை வரும், அங்கேயே சூடாகித் தலையில் விழும். ஹீட் பம்ப் அப்படியில்லை. ஓரிடத்தில் இருந்துகொண்டு முழு வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அதாவது ஒவ்வொரு குளியலறைக்கும் குசினிக்கும் புதிதாக ஒரு லைன், ஒவ்வொரு இடத்திலும் சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் மிக்சர் டெப். பழைய பீவீசி குழாயில் சுடுதண்ணீரை ஓட விட முடியாது. 60 பாகையில் அது இளகி, அழுத்தத்தில் பிதுங்கிவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சீபீவீசி (CPVC) அல்லது பீபீஆர் (PPR) வேண்டும். நாங்கள் பழைய சோனகத் தெருவில் சீபீவீசி வாங்கினோம். அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. வழக்கமான பீவீசி பசையைப் பூசி ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

டைல்ஸ் உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. எனவே குழாயை வெளிச்சுவரோடு கொண்டுபோனோம். இப்போது யோசித்தால் அதுவே நல்லதாகப் போனது, கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். சீபீவீசி சூட்டில் நீளும். 10 மீற்றர்க் குழாய் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 2 சென்டிமீற்றர் நீளும். எங்கள் வீட்டில் முதலில் கிளிப்பை இறுக்கி அடித்திருந்தார்கள். காலையில் யாராவது குளிக்கத் தொடங்கினால் சுவர் முழுக்க டக் டக் என்று சத்தம், கொஞ்ச நாளில் ஒரு முழங்கை மூட்டு வெடித்தது. கிளிப்பைத் தளர்த்தி, நேராக ஓடிய இடத்தில் ஒரு வளைவு கொடுத்த பிறகு அடங்கியது. குழாய்க்குப் போட்ட கறுப்பு ஃபோம் உறையும் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். மேலே அலுமினியம் டேப் சுற்றினால் நீடிக்கும்.

உண்மையான கூத்து அழுத்தத்தில்தான். கொழும்பின் பழைய வீடுகள் பலவற்றில் கீழ்த்தளத்துக்குத் தண்ணீர்ச் சபையின் லைன் நேராக வரும், மேலே போவதற்கு மட்டும் டாங்கி. எங்களுக்கும் அப்படித்தான். ஹீட் பம்பை மேல் டாங்கியோடு இணைத்தார்கள். கீழ்க் குளியலறை மிக்சரில் ஒரு பக்கம் லைனிலிருந்து வேகமாக வரும் பச்சைத்தண்ணீர், மறுபக்கம் டாங்கியிலிருந்து மெதுவாக இறங்கும் சுடுதண்ணீர். 1 மீற்றர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், லைனோடு அது போட்டி போட முடியாது. மிக்சரை நடுவில் திறந்து வைத்துவிட்டு ஷவரின் கைப்பிடியை மட்டும் மூடினால், பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, சிலிண்டருக்குள் ஏறி, அங்கிருந்து மேல் டாங்கிக்கே போய்விடுகிறது. இது எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அதிகாலையில், லைனில் வேகம் கூடிய நேரத்தில், டாங்கி வழியும். மிதவை வால்வைக் குறை சொல்லி மாற்றினோம். பிறகும் வழிந்தது. அம்மாதான் ஒரு நாள் மேல்மாடிக் குழாயைத் திறந்து, “என்ன தம்பி, பச்சைத்தண்ணியும் சுடுது?” என்றார். காசு கொடுத்துச் சூடாக்கிய தண்ணீர் மேல் டாங்கியில் கலந்து கிடந்தது.

பிறகு பிடித்த பைப் பாஸ் (குழாய் வேலைக்காரர்) விஷயம் தெரிந்தவர். மிக்சருக்குப் போகிற இரண்டு பக்கமும் ஒரே டாங்கியிலிருந்து வர வேண்டும் என்றார். அப்படியே மாற்றினோம். இரண்டு பக்கமும் சமமானது, ஆனால் இரண்டும் மெலிந்து போயின. மேல்மாடியில் ஷவருக்கு மேலே டாங்கி இரண்டு மீற்றர்கூட இல்லை. தங்கச்சி வாளியில்தான் குளித்தாள். எனவே டாங்கிக்குக் கீழே ஒரு பிரஷர் பம்ப், அதற்குப் பின்னால் தண்ணீர் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வு. ஷவர் நன்றாக வந்தது.

அடுத்த வாரம் சிலிண்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டத் தொடங்கியது. விற்றவர்கள் வால்வு பழுது என்று புதிதாக ஒன்று போட்டார்கள், அதுவும் சொட்டியது. “சேர், வால்வில பிழையில்ல, தண்ணிக்குப் போக இடமில்ல” என்றார் பாஸ். அவர் சொன்னது சரி. தண்ணீர் 28இலிருந்து 60 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய 1.3 வீதம் பருக்கிறது. 200 லீற்றருக்கு இரண்டரை லீற்றருக்கு மேல். முன்பு அது வந்த வழியே மேல் டாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவழி வால்வு வந்ததும் அந்த வழி அடைபட்டது, அழுத்தம் ஏறி வால்வு திறந்தது. பச்சைத்தண்ணீர்ப் பக்கம், சிலிண்டருக்கும் ஒருவழி வால்வுக்கும் நடுவில், ரப்பர் சவ்வு வைத்த சிறிய விரிவுக் கலன் ஒன்றைப் பூட்டியதும் சொட்டு நின்றது. சொட்டுகிறதே என்று அந்தப் பாதுகாப்பு வால்வுக்கு மூடி போடுகிறவர்களையும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் சிலிண்டர் வெடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் அது. அதன் வடிகுழாய் கீழ்நோக்கிச் சரிந்து, வாய் திறந்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிய வேண்டும்.

பம்ப் வைத்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று எங்கள் சிலிண்டர் நிறையச் சுடுதண்ணீர். எடுக்கத்தான் வழியில்லை. நின்றுபோன பம்புக்கூடாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதன் பிறகு பம்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குழாய் போட்டோம்.

பலர் மறக்கிற இன்னொரு தண்ணீர் இருக்கிறது. ஹீட் பம்ப் காற்றைக் குளிரவைக்கும்போது ஈரம் வடிகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் நாளொன்றுக்குச் சில லீற்றர் வரும். எங்களுக்குப் பூட்டியவர்கள் அந்தச் சிறு குழாயைப் பின் விறாந்தையில் ஒரு பூச்சாடித் தட்டுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் விழும். இப்போது அது தரை வடிகாலில், தண்ணீர் அடைப்புள்ள மூடிக்கு மேலே போய் விழுகிறது. மலக்குழாயில் நேராகச் செருகக்கூடாது, நாற்றம் ஏறி வரும். குழாய்க்குள் பாசி பிடித்து அடைக்கும், இடைக்கிடை வினாகிரி கலந்த தண்ணீர் ஊற்றினால் போதும்.

கடலுக்குக் கிட்ட இருப்பதால் உப்புக்காற்று ஹீட் பம்பின் அலுமினியத் தகடுகளைத் தின்னும். பூச்சுள்ள தகடு வைத்த மொடலாகப் பார்த்து வாங்குங்கள், நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உருக்குச் சிலிண்டருக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். சிலிண்டருக்குப் பதிலாக அது அரிபடும். இரண்டு வருடத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தபோது எங்களுடையது பாதியாக மெலிந்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால் வேறு கதை சொல்ல வேண்டும். கொழும்புக்கு வரும் களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, அங்கத்தைய சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாகப் படியும். சூட்டுச் சுருள் சிலிண்டருக்கு வெளியே சுற்றியிருக்கும் மொடல் என்றால் படிவு அவ்வளவு பாதிக்காது, ஆனால் பாதுகாப்பு வால்வு இறுகிவிடும். அதன் நெம்புகோலை அவ்வப்போது தூக்கிப் பார்க்க வேண்டும்.

வெப்பத்தை 55இல் வைத்திருக்கிறோம். கிருமி தங்காமலிருக்க வாரம் ஒரு தரம் 60க்கு மேல் ஏறும்படி டைமர் போட்டிருக்கிறது. அந்தச் சூடு தோலைச் சில வினாடிகளில் சுட்டுவிடும் என்பதால் அம்மாவின் குளியலறைக்குத் தானாகக் கலந்து கொடுக்கும் வால்வு ஒன்று உண்டு. மற்ற நாட்களில் பகல் 11 மணிக்கு மேல் ஓடும், கரண்டின் உச்ச நேரமான மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் ஓடாது.

இன்னும் தீராத ஒன்று, முன் குளியலறை. சிலிண்டரிலிருந்து அங்கே குழாய் தூரம். குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் முழுவதும் போன பிறகுதான் சூடு வரும். வேகம் கூட வேண்டுமென்று முக்கால் அங்குலக் குழாய் போட்டோம், அரை அங்குலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் அதில் நிற்கிறது. சுடுதண்ணீர் ஓயாமல் சுற்றிவரும் குழாயும் சின்னப் பம்பும் வைத்தால் உடனே வரும் என்கிறார் பாஸ். வைத்தால் சுவரை நாள் முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருக்க வேண்டும், மிச்சம் பிடித்த யூனிற்றில் பாதி அதிலேயே போகும். அந்தக் குளியலறையில் பழைய இன்ஸ்டன்ட் ஹீட்டரைக் கழற்றாமல் விட்டிருந்தோம். விருந்தாளிகள்தான் அதைப் பாவிக்கிறார்கள், இருக்கட்டும்.