1,40,000 கிலோமீட்டர், டெல்டா சாலைகள்: என் காரின் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் அனுபவம்

வீடு மன்னார்குடி, வேலை கும்பகோணம். 2014-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். என்ஜினில் இதுவரை பெரிய வேலை வைத்ததில்லை, காசும் கவலையும் போனதெல்லாம் அடிப்பக்கத்துக்குத்தான். நம்ம பக்கத்து ரோடு அப்படி. நடவு சமயத்தில் கேஜ் வீலை (சேற்று வயலில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) கழற்றாமலே டிராக்டரை ரோட்டில் ஏற்றுகிறார்கள், அது தாரைக் கொத்திவிட்டுப் போகிறது, அதன் மேல் வயல் சேறு, அதற்கு மேல் ஐப்பசி மழை.

60,000 கிலோமீட்டரில் முதல் தொந்தரவு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டை மெதுவாகத் தாண்டும்போது முன்பக்கம் இடதுபுறம் டக் டக் என்று தட்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) போய்விட்டது, முழுசாக மாற்றினால் 20,000-க்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊரில் பழகிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை. 12, 6-இல் பிடித்தார், அதிலும் இல்லை. அப்புறம் அடியில் படுத்து ஸ்டெபிலைசர் லிங்க் ராடை (திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குச்சி) கையால் உலுக்கினார், அதே டக் டக். "ராக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே, இந்தக் குச்சிதான் சத்தம் போடுது" என்றார். இரண்டு பக்கமும் மாற்றிக் கூலியோடு 2,000-க்குள் முடிந்தது.

அந்தச் சோதனையை அன்றே கற்றுக்கொண்டேன். 3, 9-இல் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட், அதாவது ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளி, உள் மூட்டுகள். 12, 6-இல் இருந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு ஆட்டும்போது ஆட்டம் நின்றால் பேரிங்தான். வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் பார்ட் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

என்னை அதிகம் படுத்தியது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர் உருளை. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது, முன் டயர் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. வேறு ஒரு இடத்தில் புஷ் மாற்றினேன், எட்டே மாதத்தில் திரும்பவும் கிழிந்தது. சாமான் மட்டம் என்று நினைத்தேன். ஆனால் தவறு முடுக்கிய விதத்தில் இருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும், வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கு ஏறி ஏறிக் கிழியும். வண்டியின் பாரம் முழுக்க சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. இரண்டாவது தடவை பக்கத்தில் நின்று அப்படியே செய்ய வைத்தேன், உடனே அலைன்மெண்ட்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்தோம். 50,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, சத்தமில்லை, இழுப்பில்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால், நம்ம ஊரில் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு தைமாதம் முழுக்க நடுக்கத்தோடு ஓட்டினேன். வாட்டர் சர்வீஸில் சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே காய்ந்த வண்டல் ஒரு கைப்பிடி, ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டிக் கழுவியதோடு நடுக்கம் போனது. அதுவும் இல்லையென்றால் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) பாருங்கள்.

ஷாக் அப்சார்பர் 1,10,000-இல் மாற்றினேன். எண்ணெய் கசிந்தது வலதில் மட்டும்தான், ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடக்கும்.

இப்போது மழைக்கு முன்னும் பின்னும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளை, அதாவது 'பூட்'களைப் பார்க்கிறேன். பூட் கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். நேற்றுப் பார்த்தபோது வலது ராக் பூட்டின் மடிப்பில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. உள்ளே கிரீஸ் இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. பூட் சொல்லியாயிற்று, வியாழக்கிழமை மாட்டுகிறோம்.