யூத நயீவ் ஓவியங்களில் குறியீடு: ஷாலோமா, மேயரா, ஹிர்ஷ்ஃபீல்டா?

யூத வாழ்வைக் காட்டும் நயீவ் ஓவியங்களை, அதாவது முறையாக ஓவியம் பயிலாதவர்கள் வரைந்தவற்றை, தேடினால் முதலில் கண்ணில் படுபவை கூரைமேல் நிற்கும் பிடில்காரர், வானத்தில் மிதக்கும் காதலர்கள், ஓர் ஆடு, ஒரு சேவல். எல்லாமே மார்க் ஷகாலிடமிருந்து வந்தவை. ஷகால் நயீவ் ஓவியரே அல்ல; வீடெப்ஸ்கில் யெஹுதா பென்னிடமும் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் முறையாகப் பயின்றவர். அந்தப் பிடில்காரர் அவருக்குச் சொந்த ஊர் நினைவு. அவரைப் பார்த்து வரைபவர்களுக்கோ, படம் யூதர்களைப் பற்றியது என்று காட்ட ஒரு முத்திரை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். ஓவியப் பள்ளிப் பக்கமே போகாமல், வயதான பிறகு தூரிகை எடுத்த மூவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஸஃபேத் நகரத்து ஷாலோம் மொஸ்கோவிட்ஸ். கலிலேயாவில் கடிகாரம் பழுதுபார்த்தவர். அவர் செய்த மர பொம்மைகளைப் பார்த்த ஓவியர் யோசல் பெர்க்னர், 1950-களில் அவரை வரையத் தூண்டினார். 1980-இல் இறக்கும்வரை ஷாலோம் வரைந்தது பெரும்பாலும் வேதாகமக் கதைகளைத்தான். தாளைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து, ஆழமோ நிழலோ இல்லாமல் உருவங்களை வரிசையாக நிறுத்துவார். பக்கத்திலேயே எபிரேயத்தில் குறிப்பும் இருக்கும். ஆதிகால முற்பிதாக்கள் அவர் படத்தில் ஸஃபேத் தெருவின் ஹசிதியர்களை (பக்தி மரபைச் சேர்ந்த யூதர்களை) போல உடுத்தியிருப்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்ததாக எண்ண வேண்டும் என்பது, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் கட்டளை. அந்தக் கட்டளையை அப்படியே நம்புகிற மனிதர் மோசேக்கு வேறு எந்த உடையைக் கொடுப்பார்? ஷாலோமிடம் மிகப் பெரிய குறியீடு இந்த உடைதான் என்பேன். பழைய ஏற்பாடு படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இவர் படங்கள் எளிதில் பிடிபடும். கதை தெரியாதவர்களுக்கோ வரிசை வரிசையாய் ஆட்கள் மட்டுமே தெரிவார்கள். அது ஒரு குறைதான்.

மேயர் கிர்ஷன்பிளாட் முற்றிலும் வேறு ரகம். 1916-இல் போலந்தின் ஒபாடுஃப் நகரில் பிறந்தார்; யூதர்கள் அதை ஆப்ட் என்பார்கள். 1934-இல் கனடாவுக்குப் போய், டொரண்டோவில் பெயின்டும் சுவர்க் காகிதமும் விற்கும் கடை நடத்தினார். நாட்டார் வழக்காற்று அறிஞரான மகள் பார்பரா பல ஆண்டுகளாக அவருடைய ஊர்க் கதைகளைப் பதிவு செய்தார்; குடும்பத்தார் விடாமல் சொன்னதால் 1990-இல், 73 வயதில், வரையத் தொடங்கினார்.

அவருடைய ஒரு படத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு சிறுவன். முந்திய பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், பிழைத்த ஒருவனைப் பிணத்துணியின் நிறத்தில் உடுத்திவிட்டார்கள். மரண தூதன் வந்தால், இவன் ஏற்கெனவே செத்தவன் என்று நினைத்துத் திரும்பிவிடுவானாம். இன்னொரு படத்தில் இடுகாட்டில் திருமணம். 1892-இல் காலரா பரவியபோது, ஊரார் செலவு செய்து ஏழைகள் இருவருக்குக் கல்லறைகளுக்கு நடுவே மணம் முடித்தார்கள். இறந்தவர்கள் அதில் மகிழ்ந்து தங்களுக்காகப் பரிந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கை. மேயர் பிறப்பதற்கு முன் நடந்தது. வீட்டில் கேட்டு வளர்ந்த கதை.

இங்கே குறியீட்டை ஓவியர் உண்டாக்கவில்லை. ஊர் மனிதர்களே சாவை எதிர்க்க அதைக் கையில் எடுத்தார்கள். வெள்ளைத் துணி, இடுகாட்டில் மணப்பந்தல்: இரண்டும் அங்கே ஆயுதங்கள். யார் எங்கே நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதை மட்டும் மேயர் சரியாக வைக்கப் பார்க்கிறார். 1942 அக்டோபரில் ஆப்ட் நகர யூதர்கள் நாஜிகளின் கொலை முகாமான ட்ரெப்ளிங்காவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாரத்தை அவர் சிறுவனின் தோளில் ஏற்றவில்லை. படுகொலையை வரைய வேண்டியபோது அதைத் தனிப் படங்களாகவே வரைந்தார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மோரிஸ் ஹிர்ஷ்ஃபீல்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1872-இல் போலந்தில் பிறந்து, புரூக்ளினில் செருப்புத் தயாரித்து, 1937-இல் வரையத் தொடங்கியவர். 1943-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது. சிறுவயதில் ஜெப ஆலயத்துக்காகச் சிங்கங்கள் செதுக்கிய பிரார்த்தனை மேடை ஒன்றைச் செய்தவர். பிற்காலத்தில் அவர் வரைந்த சிங்கத்திலும் புலியிலும் அந்த மரச் செதுக்கலின் விறைப்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் யூதா கோத்திரத்துச் சிங்கம் என்ற பொருள் உதிர்ந்து, வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்ணத்துக்கும் சமச்சீருக்கும் மூவரில் இவரே முதல்வர். யூதக் குறியீட்டைத் தேடி வருபவருக்கு இவரிடம் கிடைப்பது குறைவு.

வேதம் ஒரு சமூகத்தின் கண்ணுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஷாலோமிடம் போங்கள். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மேயரைத்தான் எடுப்பேன். வேதத்தில் இல்லாத, எந்த அருங்காட்சியகப் பொருளிலும் பதியாத குறியீடுகளை அவர் காப்பாற்றியிருக்கிறார். 2014-இல் போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் வார்சாவின் பொலின் அருங்காட்சியகத்தில் நிரந்தரக் காட்சி திறக்கப்பட்டபோது, அந்தக் காட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர் மகள் பார்பராதான். க்வோஜ்ஜியெட்ஸ் ஊரின் மர ஜெப ஆலயக் கூரை அங்கே மீண்டும் வரையப்பட்டிருக்கிறது. ராசிகளும் விலங்குகளும் நெருக்கியடித்து நிற்கும் 18-ஆம் நூற்றாண்டுக் கூரை அது. பெயர் தெரிந்த குறியீடுகள் அங்கே நிறைய உண்டு. மேயரின் வெள்ளை உடுப்புச் சிறுவனைப் போன்றவர்களுக்கு எந்த ஆலயக் கூரையிலும் இடம் இருந்ததில்லை.